தேர் வடமும் ஒரே பந்தியும்

ஊட்டியில் எங்களுக்குப் பாடம் நடத்திய கெமிஸ்ட்ரி சார் எந்தச் சாமியையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. ஈரோட்டுக்காரர், சுயமரியாதைக் குடும்பம். அவருடைய அப்பா, அம்மா கல்யாணம் ஐயர் இல்லாமல் நடந்தது. அந்த மாதிரித் திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்றிருந்த காலம். அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-இல் சட்டத்தைத் திருத்தி, முன்பு நடந்தவற்றுக்கும் சேர்த்துச் செல்லுபடி கொடுத்தார்கள். "சட்டம் எங்கம்மாவை ஒத்துக்கிட்டப்போ நான் காலேஜ்ல இருந்தேன் கண்ணு" என்று வகுப்பில் ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் கம்மியது.

அவ்வளவு அழுத்தமான நாத்திகர் ஊட்டி மாரியம்மன் தேர் அன்று எங்கே இருந்தார்? தேரோட்டத்தில்தான். நம் ஊர்த் தேருக்கு உப்பு வீசி நேர்த்திக்கடன் கழிப்பது வழக்கம். தேர் திரும்பும் இடங்களில் கல்லுப்பு மழையாகக் கொட்டும், ரோடு வெளுத்துப் போகும். தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளின் கண்ணில் உப்பு விழுந்து வீரிட்டு அழும். சார் லோயர் பஜாரில் ஒரு கடைவாசலில் தண்ணீர்க் குடத்தோடு நிற்பார். குழந்தையை வாங்கி, தலையைச் சாய்த்து, ஒரு கையால் இமையைப் பிரித்து, டம்ளரால் மெதுவாகத் தண்ணீர் விடுவார். தேர் நெருங்கியதும் குடத்தை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போய் வடம் பிடிப்பார். கையெடுத்துக் கும்பிட மாட்டார். வடத்தை மட்டும் பிடிப்பார், பலமாகவே இழுப்பார்.

இது முரண்பாடு என்று எங்களில் சிலர் அப்போதே வாதாடினோம். இப்போது நானும் நம்பிக்கை இல்லாதவன்தான். வயது ஏற ஏற, சாரைத்தான் சரி என்கிறேன்.

ஊட்டி எப்படிப்பட்ட ஊர் என்று யோசித்துப் பாருங்கள். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோரை விட்டால் மற்ற எல்லோரும் 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்த பிறகு பிழைக்க வந்தவர்கள். கோவையிலிருந்து, மைசூரிலிருந்து, மலையாளக் கரையிலிருந்து. என் அப்பா திருநெல்வேலியிலிருந்து இந்துநகர் பிலிம் பேக்டரிக்கு வேலைக்கு வந்தார். இப்படி வந்தவர்களை ஊரார் ஆக்கியது எது? ரேஷன் கார்டு இல்லை என்பேன். மாரியம்மன் திருவிழா ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு சமூகத்தின் உபயம், அன்றைய செலவு அவர்களுடையது. உபயத்தில் பெயர் இருந்தால் நீ இந்த ஊர். கோயிலுக்குள் கால் வைக்காத அப்பா, கமிட்டிக்காரர்கள் ரசீது புத்தகத்தோடு வந்தால் மறுபேச்சின்றிப் பணம் எடுத்துக் கொடுப்பார். காந்தல் குருசடி என்ற கிறிஸ்தவத் திருத்தலத்தில் மே 3 திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிப் போனதும் அவர்தான். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு பாய் மாமி அனுப்பும் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியைக் கழுவி வைத்துக் காத்திருந்ததும் அவர்தான்.

அப்பா இறந்தது ஜூலை மாதத்தில். மழை விடாமல் பெய்தது, விறகெல்லாம் ஈரம். சொந்தக்காரர்கள் திருநெல்வேலியிலிருந்து மலையேறி வர மறுநாள் ஆகும். முதலில் வந்து நின்றவர்கள் உபயக் கமிட்டிக்காரர்கள். தனக்குச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று அப்பா எழுதி வைத்திருந்தார். சங்கு ஊதக் கூடாது, திருநீறு பூசக் கூடாது. நெற்றி நிறையப் பட்டை போட்டிருந்த தலைவர் அந்தத் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். "அண்ணன் சொன்னபடியே செய்யணும், யாரும் மாத்திப் பேசக் கூடாது" என்றார். காய்ந்த விறகு தேடி அலைந்தது அவர், பாடை தூக்கியது அவர்கள். அத்தனை வருஷம் அப்பா அவர்களுடைய விழாவுக்குப் போனார். அன்று அவர்கள் அப்பாவின் நம்பிக்கையின்மைக்கு வந்து தோள் கொடுத்தார்கள். நம்பாதவன் பண்டிகைக்கு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி எழும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது அந்த நாள்தான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடலாம் என்று சொல்லவில்லை. சாருக்கு எல்லை தெளிவாக இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் லேபில் அவர்தான் முன்னால் நிற்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கருவிகள் எல்லாம் வெளியே வரும். பியூரெட், பிப்பெட் என்று கண்ணாடி அளவுக் குழாய்கள் எல்லாவற்றையும் குரோமிக் அமிலம் விட்டு ஊற வைப்பார். ஆரஞ்சாக இருக்கும் அந்தத் திரவம் பச்சைக்கு மாறினால் அதன் வேலை முடிந்தது, மாற்ற வேண்டும். கழுவிக் காய்ந்த பியூரெட் திருகுகளுக்கு வாஸ்லின் தடவுவது எங்கள் பொறுப்பு. மறுநாள் அட்டெண்டர் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வருவார். கெமிக்கல் பேலன்ஸ் என்ற நுண்தராசின் பக்கம் அவர் போனதும் சார் எழுந்துவிடுவார். "அண்ணே, பெட்டி மேல எவ்வளவு வேணும்னாலும் வைங்க. தட்டுலயும் எடைக்கல்லுலயும் மட்டும் வேண்டாம். ஒரு பொட்டு வச்சாக்கூட மில்லிகிராம் கணக்குல காட்டிரும்." அண்ணன் கண்ணாடிக் கதவுக்கு மேலே மரச்சட்டத்தில் ஒரு பொட்டு வைப்பார். பழைய பொட்டுகளின் தடம் வரிசையாக அங்கே இருந்தது, சார் துடைக்கச் சொன்னதே இல்லை. தேங்காய் உடைக்கும்போது மட்டும் ஒதுங்கி நிற்பார். பிறகு பொரி கடலையைக் காகிதத்தில் மடித்து எல்லோருக்கும் கொடுப்பவர் அவரே.

இன்னொரு எல்லை சாப்பாட்டில். பந்தி பிரிந்திருக்கும் இடத்தில் கை நனைக்க மாட்டார். ஒருமுறை ஒரு விசேஷத்தில் ஒரு சாராருக்கு மட்டும் உள்ளே இலை போட்டார்கள். சார் எதுவும் பேசவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பும் வழியில் எங்களுக்குச் சேரன்மாதேவி குருகுலத்தைப் பற்றிச் சொன்னார். 1920-களில் காங்கிரஸ் பணமும் பெற்று நடந்த பள்ளி அது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. பெரியார் அதை எதிர்த்துப் போராடினார். "சாமி இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடியே அவர் இதுக்குத்தான் சண்டை போட்டார். நான் விழாவுக்குப் போறதும் ஒரே பந்தி பார்க்கத்தான், போகாம இருக்கறதும் அதனாலதான்" என்றார். இது யார் தெரு என்று காட்டுவதற்காகவே நடக்கும் ஊர்வலங்களைப் பார்க்கும்போது அந்த அளவுகோலை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

நம்மோடு படித்த செட்டில் ஒரு படகர் நண்பன் இயற்பியல் ஆராய்ச்சியில் இருக்கிறான். கடவுள் என்ற பேச்சே அவனிடம் கிடையாது. ஆனாலும் படகர்களின் தெய்வமான ஹெத்தையம்மனின் திருவிழா, ஹெத்தை ஹப்ப, வரும் மாதத்தில் எந்தத் தேசத்தில் இருந்தாலும் லீவு போட்டுவிடுவான். வெள்ளை முண்டு, தலையில் வெள்ளைத் துண்டு, வெறுங்கால், ஹெத்தையம்மன் கோயில் இருக்கும் பேரகணிக்கு நடை. "சாமி இருக்கா இல்லையான்னு ஹட்டியில, எங்க ஊருல, யாரும் என்னைக் கேட்டதில்ல. வந்தியா இல்லையான்னுதான் கேப்பாங்க" என்பான். அந்தக் கேள்விக்கு அவனிடம் ஆண்டுதோறும் பதில் இருக்கிறது.

நான் இருக்கும் இங்கிலாந்திலும் இதே கதைதான். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 37.2 விழுக்காட்டினர் தங்களுக்கு மதம் இல்லை என்று பதிந்தார்கள். 2011-இல் அது 25.2. இருந்தும் டிசம்பர் 25 அன்று ரயில் ஓடாது, பெரிய கடை திறக்காது. எங்கள் ஆஸ்பத்திரி லேபில் மூத்த சகா ஒருவர், தேவாலயப் பக்கமே போகாதவர், கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவில் மட்டும் தவறாமல் சேர்ந்துகொள்கிறார். அவருடைய அம்மா அந்தக் குழுவில் பாடியவர். அம்மா நின்ற வரிசை காலியாகக் கூடாது என்கிறார். எனக்கு அவரை விளங்கிக்கொள்ள எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

"நம்பிக்கை இல்லாம கோயில் அன்னதானத்துல போய் ஏன்ப்பா காய் நறுக்கறே?" என்று என் மகள் கேட்டாள். தாத்தாவின் கடைசி நாளை அவளுக்கு முழுதாகச் சொன்னேன். பாடை தூக்கியவர்கள் யார் என்பதை இரண்டு முறை கேட்டாள். அடுத்த வாரம் என்னோடு வந்து பரிமாறினாள். சாமி கும்பிடுவதும் கும்பிடாததும் அவள் விருப்பம்.

தைப் பொங்கல் சந்திப்புக்கு நம் பழைய மாணவர் சங்கத்தில் ஏற்பாடு நடப்பதாக அறிந்தேன். சைவத்துக்கு ஒரு ஹால், அசைவத்துக்கு ஒரு ஹால் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒரே சமையல், ஒரே பந்தி. சாம்பாரும் அவரைக்காய்ப் பொரியலும் என் பொறுப்பு. இலை போட, பரிமாற, பாத்திரம் கழுவ ஆள் வேண்டும். வரக்கூடியவர்கள் மார்கழி முடிவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.