பதினாறு துண்டு இட்லி

டயட்டீஷியனாகச் சேர்ந்து பத்து வருடம் வரை மனநல வார்டுப் பக்கம் நான் அதிகம் போனதில்லை. சர்க்கரை, சிறுநீரகம், பைபாஸ் முடிந்தவர்கள் என்று என் உலகம் வேறாக இருந்தது. அப்போதுதான் அந்த பிளஸ் டூ பெண் வந்தாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எடை 34 கிலோ. அனோரெக்சியா நெர்வோசா, எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவையே ஒதுக்கவைக்கும் மனநோய்.

ஒரு இட்லியைப் பதினாறு துண்டாக்குவாள். துண்டுகள் சமமாக வராவிட்டால் வேறு இட்லி கேட்பாள். சாப்பிடும் முன்பு கை கழுவுவாள், நடுவில் எழுந்து போய் மறுபடியும் கழுவுவாள்.

"மார்கழியில விரதம்னுதான் மேடம் ஆரம்பிச்சா. பொண்ணு பக்தியா இருக்கான்னு நாங்களும் சந்தோஷப்பட்டோம்" என்றார் அவள் அம்மா. "எடை ஏறட்டும்மா, இதெல்லாம் தானா போயிடும்" என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

படித்ததை வைத்துத்தான் அப்படிச் சொன்னேன். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். உடலும் மனமும் நன்றாக இருந்தவர்கள். 24 வாரம் அரைப்பட்டினி. எடையில் கால்பங்கு போனது. கூடவே சோர்வு, எரிச்சல், யாரோடும் ஒட்டாமை. சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள், தட்டில் இருந்ததை நெடுநேரம் அளைந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கோடரியால் தன் விரல்களையே வெட்டிக்கொண்டார். வேறு நோய் எதுவும் இல்லாமல், வெறும் பட்டினியே மனதை இவ்வளவு புரட்டிப்போடும். அவர்களுக்குத் தந்தது நாளைக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. எடை குறைக்க வருகிறவர்களுக்கு நான் சர்வசாதாரணமாக 1,200 எழுதித் தந்திருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

மெதுவாகத்தான் உணவை ஏற்றினோம். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே நின்றுவிடலாம். இரவில் நர்ஸ் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். உணவை ஒளித்துவிடாமல் இருக்கத்தான் காவல் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு மனச்சோர்வும் கடுமையாக இருந்தது, தற்கொலை பயத்தில்தான் அந்தக் காவல் என்று பிறகு தெரிந்தது.

43 கிலோ வந்தபோது முகம் தெளிந்தது. நன்றாகத் தூங்கினாள், போனில் தம்பியோடு சண்டை போட்டாள். மனச்சோர்வில் பெரும்பகுதி எடையோடு இறங்கிப்போனது. கை கழுவுவது மட்டும் போகவில்லை, கூடியது. இட்லி நான்கு துண்டாகக் குறைந்தது, ஆனால் நான்கும் சமமாக இருக்கவேண்டும்.

"எடைதான் ஏறிடுச்சே மேடம், போயிடும்னீங்களே?" என்றார் அம்மா. எனக்குப் பதில் வரவில்லை.

டாக்டர் பழைய கதையைக் கேட்டார். எட்டு வயதிலேயே பள்ளிப் பையின் ஜிப்பை ஏழு தடவை தொட்டுப் பார்க்காமல் கிளம்பமாட்டாளாம். எழுதியதை அழித்து அழித்து நோட்டுத் தாள் கிழியுமாம். அது ஓசிடி, வேண்டாத எண்ணம் விடாமல் துரத்தி, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய். விரதத்துக்குப் பல வருடம் முந்தியது. இந்த நோயாளிகளில் நிறையப் பேருக்குப் பதற்றமோ ஓசிடியோ சிறுவயதிலேயே தொடங்கியிருக்கும் என்றார். பட்டினியால் வந்தது எது, முன்பே இருந்தது எது என்று எடை ஏறும்வரை சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. மாத்திரையும் பட்டினி உடம்பில் பெரிதாக வேலை செய்வதில்லை, அதனால் ஓசிடிக்கான மருந்தை இப்போதுதான் ஆரம்பித்தார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். இட்லியைக் கையால் கோணல்மாணலாகப் பிய்த்து வைக்கவேண்டும். சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் அவள் கை கழுவக்கூடாது. கூடவே நானும் உட்காரவேண்டும்.

முதல் நாள் பெரிய துண்டைக் கடைசிவரை தொடவே இல்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள்.

"அக்கா, விரல் நுனியை மட்டும் கழுவிக்கட்டா?"

"வேண்டாம்மா."

கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. என் விரலிலும் சட்னி காய்ந்துகொண்டிருந்தது. நானும் கழுவாமல் உட்கார்ந்திருந்தேன்.