அம்மாட ஐ.என்.ஆரும் சுவிஸ் குளிசையும்

அம்மாக்கு இதய வால்வு மாத்தி ஏழு வருசம், அதால ஒவ்வொரு நாளும் இரவு ரத்தம் கட்டாம வைக்கிற வோபரின் குளிசை போடணும், மாசத்துக்கு ஒருக்கா களுவாஞ்சிகுடியிலருந்து பஸ் ஏறி மட்டக்களப்புக்கு போய் ரத்தம் குடுத்து ஐ.என்.ஆர் பாக்கணும், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்ட கணக்கு அது, குறைஞ்சா ரத்தம் கட்டும், கூடினா வடியும். அவக்கு சொன்ன அளவு 2.5க்கும் 3.5க்கும் இடையில.

போன வருசம் கிணத்தடியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு வெடிச்சிட்டு. எலும்பு தேஞ்சிருக்கு எண்டாங்க. மறுகா என்ன, சுவிஸ்ல இருக்கிற மச்சானுக்கு கதை போய் ஒரு போத்தல் வந்திட்டு. கல்சியம், டி3 எண்டு பெரிசா போட்டிருந்திச்சு, நானும் நல்லதுதானே எண்டு நாளுக்கு ஒண்டு குடுத்தன்.

அடுத்த கிளினிக்ல 1.6! மிஸ்ஸி "குளிசை போடுறல்லையா?" எண்டு ஏசுறா, அம்மா மாமாங்கத்தார் மேல சத்தியம் பண்ணுறா. வால்வுல ரத்தம் கட்டினா பக்கவாதம் வரைக்கும் போகலாமாம். டொக்டர் வோபரின கூட்டிப்போட்டு புதுசா என்ன சாப்பிட்டீங்க எண்டு துருவித் துருவிக் கேட்டாப்பிறகுதான் போத்தல் ஞாபகம் வந்த. போன்ல இருந்த படத்தை பெரிசாக்கிப் பாத்தா அடியில பொடி எழுத்துல விட்டமின் கே2, அதுல எம்கே-7 எண்ட வகை எண்டு கிடக்கு.

அவர் சொன்னது இதுதான்: ஈரல்ல ரத்தம் உறைய வைக்கிற புரதங்களுக்கும் எலும்புல ஒஸ்டியோகல்சின் எண்ட புரதத்துக்கும் விட்டமின் கே வேணும், அது இருந்தாத்தான் ஒஸ்டியோகல்சின் கல்சியத்தை பிடிக்கும். பாவிச்ச கேயை உடம்பு புதுப்பிச்சு திரும்பவும் எடுக்கும், வோபரின் மறிக்கிறது அந்தப் புதுப்பிப்பைத்தான். எம்கே-7 ரத்தத்துல நாள்கணக்கா நிக்கிற சாமான், கொஞ்சமே போதும் மருந்தை விழுத்த.

இலைகள்லயும் விட்டமின் கே இருக்கு எண்ட பயத்துல நான் போத்தலோட சேத்து முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாத்தையும் நிப்பாட்டினன். கூட்டின மருந்து வேற. அடுத்த முறை 4.6, பல்லு தீட்டக்குள்ள முரசால ரத்தம். "இலைய ஆரு நிப்பாட்டச் சொன்ன? ஒரே அளவா குடுங்க, மருந்தை நாங்க அதுக்கு சரிக்கட்டுவம்" எண்டாரு. இப்ப ஒவ்வொரு நாளும் பகலைக்கு அதே சின்னக் கிண்ணத்துல அளந்து இலைச் சுண்டல். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கிண்ணம் போகுது, அம்மாக்கு வெக்கம்.

எலும்புக்கு கிழமைக்கு ஒரு குளிசை தந்திருக்காங்க, காலம்பற வெறும் வயித்துல தண்ணியோட, அரை மணித்தியாலம் சாயக்கூடாது. அவவை சாயாம இருத்திறதுதான் பெரிய பாடு.

நிலைக்கு வர ரெண்டு மாசம் போச்சு. கடைசி மூணும் 2.8, 3.1, 2.9. போத்தல் இன்னும் அலுமாரியிலதான். மச்சான் போன் எடுத்து "மாமி குளிசை போடுறாவா?" எண்டு கேட்டா ஓம் எண்டு சொல்லிட்டு வேற கதைக்கு போயிருவன்.