நடக்கும் கற்குவியல்

கிருஷ்ணகிரிக்காரனுக்குப் பாறை என்றால் அசையாதது. சையத் பாஷா மலை நான் பள்ளிக்குப் போன நாளில் நின்றபடியேதான் இன்றும் நிற்கிறது. அதனால் 'பாறைப் பனியாறு' என்று படித்தபோது முதலில் நம்பவில்லை.

வெளியே பார்த்தால் வெறும் கற்குவியல். நம் குவாரி ஓரம் கொட்டிக் கிடக்குமே, அதே மாதிரி. உள்ளே கற்களுக்கு இடையில் பனிக்கட்டி இறுகியிருக்கிறது. அது தன் எடையாலேயே சரிவில் மெல்ல நெளிந்து இறங்க, மேலே கிடக்கும் கற்களும் கூடவே போகின்றன. வருடத்துக்குச் சில செண்டிமீட்டர், சில இடங்களில் சில மீட்டர். ஆஸ்திரியாவின் ஹோஹெபென்காரில் 1938 முதல் அளந்துவருகிறார்கள். என்ன பொறுமை!

நேற்று இரவு அம்மா களி கிண்டினார். சூடான உருண்டை தட்டில் வைத்ததும் மெல்லத் தொய்ந்து ஓரம் அகன்றது. மிஞ்சிய உருண்டை காலையில் விறைத்துக் கிடந்தது. பனிக்கட்டியும் ஏறக்குறைய இப்படித்தான்: உருக வேண்டியதில்லை, பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே இளகிவிடுகிறது. உருகுநீரும் உள்ளே இறங்கினால் வேகம் இன்னும் கூடும். வெப்பம் கூடிவரும் ஆல்ப்ஸ் மலைகளில் 1990களிலிருந்து பல பாறைப் பனியாறுகள் வேகமெடுத்திருப்பது இதனால்தான். பனி குறைவாகப் பெய்த குளிர்காலத்துக்குப் பின் வேகம் குறைவதும் உண்டு. பனிப் போர்வை இல்லாமல் தரை நன்றாகக் குளிர்ந்துவிடுகிறது. உள்ளிருக்கும் பனிக்கட்டி தீர்ந்துபோனால் ஓட்டமும் நின்றுவிடும்.

அம்மாவிடம் சொன்னேன். "கல்லே நடந்தால் அங்கே வீடு எப்படிக் கட்டுவார்கள்?" என்று கேட்டுவிட்டு, கீரைக் கடைசலை ஊற்றினார்.