மீட்டர் விளக்கை எண்ணியதில் தொடங்கி மொட்டை மாடி வரை

வீட்டின் மின்செலவைக் குறைக்கும் வேலையை, எதையும் வாங்காமல், மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றுதான் தொடங்கினோம். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை மின்னும் என்பது பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்தால், ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓடும் நொடிகளால் 1125-ஐ வகுக்க வேண்டும். அந்தக் கணத்தில் வீடு இழுக்கும் வாட் அதுதான். 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். ஒரே இடைவெளியை நம்பாமல் பத்து இடைவெளி எடுத்துச் சராசரி பாருங்கள். முதல் மின்னலைப் பூஜ்ஜியம் என்று எண்ணாவிட்டால் கணக்கு தப்பிவிடும்.

விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் எங்கள் 3200 மீட்டர் 25 நொடிக்கு ஒரு முறை மின்னியது. அதாவது 45 வாட். கேட்கச் சின்னதாகத் தெரிந்தாலும், நாள் முழுக்க ஓடினால் மாதம் 32 யூனிட் ஆகிவிடும். எது இழுக்கிறது என்று கண்டுபிடிக்க மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் மீட்டரைப் பார்த்தால் போதும். பெரும்பாலும் செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், இன்வெர்ட்டர் சார்ஜர் என்றுதான் வந்து நிற்கும். பல செட்டாப் பாக்ஸ்கள் ரிமோட்டில் அணைத்தாலும் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். சுவிட்சில் அணைப்பதுதான் வழி.

அடுத்து ஃப்ரிட்ஜ். கதவு இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால், கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையான காஸ்கெட் சரியாகப் பிடிக்கவில்லை. புது காஸ்கெட் வாங்குமுன், இருப்பதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பல நேரம் அழுக்கும் விறைப்பும்தான் காரணம். ஃப்ரீசரில் படிந்த ஐஸைக் கத்தியால் சுரண்டவே கூடாது, குளிரூட்டும் குழாயில் ஓட்டை விழுந்தால் சரிசெய்வது பெரும்பாடு.

சீலிங் ஃபேனில் நல்ல லாபம் உண்டு. பழைய ஃபேன் 75 வாட் எடுக்கிற இடத்தில் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் 30 வாட்டில் சுற்றுகிறது. தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு மாதம் 20 யூனிட் மிச்சம். ஆனால் பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து கழற்றிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அது வழியாகக் கொடுத்தால் ஃபேனுக்குள் இருக்கும் சர்க்யூட் கெட்டுப்போக வாய்ப்பு உண்டு.

எங்கள் கணிப்பில், மேல்மாடி வீட்டுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை மொட்டை மாடிதான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி வெகு நேரம் வரை அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் தளம் அந்த அளவுக்குச் சூடேறாது.

பூச்சு உரிந்துபோவதற்குத் தளத்துக்குள் இருக்கும் ஈரம் ஒரு முக்கியக் காரணம். இதைச் சோதிக்க, ஒன்றரை அடி சதுர பிளாஸ்டிக் தாளின் நாலு பக்கத்தையும் டேப்பால் தரையோடு ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ இன்னும் காய வேண்டும் என்று அர்த்தம். காய்ந்திருந்தால், பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, பிரைமர் ஒரு கை. பிறகு பூச்சு இரண்டு கை. முதல் கை நீளவாக்கில் ஓடினால் இரண்டாவது குறுக்குவாக்கில் ஓட வேண்டும், அப்போதுதான் விட்ட இடம் மூடும். உச்சி வெயிலில் அடித்தால் மேலே ஆடை கட்டி உள்ளே குமிழ் விடும், அதனால் தரை ஆறியிருக்கும் நேரமாகப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளத்தை முதலிலேயே சரிசெய்யாவிட்டால் அந்த இடம்தான் முதலில் உரியும். தூசி படியப் படிய வெண்மையின் பலன் குறையும், வருடம் ஒரு முறையாவது கழுவிவிட வேண்டும். ஈரமானால் வழுக்கும், கவனம். குளிர்காலத்தில் ஹீட்டர் போடும் ஊர்களில் இதே பூச்சு இலவச வெயில் சூட்டையும் தடுத்துவிடும், அங்கே தளத்துக்கு வெப்பக்காப்பு போடுவதுதான் பொருந்தும்.

மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு அறையிலேயே தங்கிவிடும். தட்டியை வெளியே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள், இடையில் காற்று ஓடட்டும்.