சரிம்மா, விடு

"மாஸ்டர், மீட் முடியற வரைக்கும் நார்டிக் வேண்டாமே. தொடை கனமா இருக்கு, ஸ்டார்ட்ல கால் எழும்ப மாட்டேங்குது."

"சரிம்மா, விடு."

எனக்கும் நான் பயிற்சி கொடுக்கும் ஓட்டக்காரப் பெண்ணுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். நார்டிக் என்பது பின்தொடைத் தசைக்கான ஒரு பயிற்சி. நான் ஸ்டார்ட்டிங் பிளாக்கை நகர்த்திக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மாநிலத் தடகள மீட்டுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அங்கே 200 மீட்டர் இறுதியில், வளைவு முடிந்து நேர் ஓட்டத்துக்கு வந்த இடத்தில், அவள் கை இடது தொடையின் பின்பக்கத்துக்குப் போனது. பின்தொடைத் தசை கிழிந்துவிட்டது என்று புரிய, தடகளத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் கை போகும் விதமே போதும். இரண்டு எட்டு நொண்டி, லேனுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த "சரிம்மா, விடு" மட்டும் என்னை விடவில்லை.

நார்டிக் செய்ய, ஜிம்னாஸ்டிக் மெத்தையை இரண்டாக மடித்து அதன்மேல் முட்டி போடுவாள். ஜூனியர் பெண் ஒருத்தி பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் அமுக்கிப் பிடிப்பாள். இடுப்பு மடங்காமல், முட்டியிலிருந்து தலைவரை ஒரே பலகையாக, முடிந்த அளவு மெதுவாக முன்னால் சாய வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் சாய்ந்ததுமே பொத்தென்று கையூன்றி விழுந்தாள். மறுநாள் பஸ் படி ஏற முடியவில்லை என்று அழுதாள். நாலு மாதத்தில், மூக்கு தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கு வரும்வரை பிடித்து நிறுத்தினாள். தொடைக்குப் பின்னால் தசை முறுக்கிய கயிறு மாதிரி புடைத்து நிற்கும்.

முழு வேகத்தில் ஓடும்போது, வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, முன்னால் பாயும் கெண்டைக்காலைப் பின்தொடைத் தசைதான் பிரேக் போட்டு நிறுத்துகிறது. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் கிழிவது அந்தக் கணத்தில்தான். நார்டிக் அந்த பிரேக்கைத்தான் பழக்குகிறது. 8,459 பேரை உள்ளடக்கி 2019இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, இந்தப் பயிற்சியைச் சேர்த்தால் பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகிறது என்றது. அதற்கு முன்பே, 2011இல் டென்மார்க் கால்பந்து அணிகளில் செய்த ஆய்வில், ஏற்கெனவே ஒருமுறை காயம்பட்டவர்களுக்குத்தான் பலன் இன்னும் அதிகம் என்று தெரிந்தது. இவளுக்கு முந்தின வருஷம் அதே காலில் லேசாகப் பிடித்திருந்தது. அதனால்தான் அவளுக்கு நார்டிக்கையே ஆரம்பித்தேன்.

எல்லாம் தெரிந்துதான் விடச் சொன்னேன்.

என் பக்க நியாயமும் இருக்கிறது. மீட் நெருங்கும்போது பாரத்தைக் குறைப்பது எந்தப் பயிற்சியாளரும் செய்வது. கால் கனத்துக் கிடக்கிற பிள்ளையைக் களத்தில் இறக்க முடியாது. அந்த ஆய்வு சொல்லும் பாதியைத் திருப்பிப் பார்த்தால், பத்துப் பேருக்குக் கிழிய வேண்டிய இடத்தில், நார்டிக் செய்தும் ஐந்து பேருக்குக் கிழிகிறது. இவள் எந்த ஐந்தில் இருந்தாள் என்று யாராலும் சொல்ல முடியாது. இறுதி ஓட்டம் தாமதமாகி, வார்ம்-அப் முடித்த பிள்ளைகளை முக்கால் மணி நேரம், ஓட்டத்துக்கு முன் காத்திருக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். 2017இல் லண்டனில் உசைன் போல்ட்டே தன் கடைசி தொடர் ஓட்டத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, காக்க வைத்து உடம்பு ஆறிப்போனதைத்தான் அவரது அணியினர் காரணமாகச் சொன்னார்கள். அப்புறம் தூக்கம். பிளஸ் டூ, இரவு பத்து மணிவரை டியூஷன், காலை ஐந்தரைக்கு மைதானம். எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பள்ளி வயது வீரர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 1.7 மடங்கு என்று 2014இல் ஒரு ஆய்வு வந்தது. அதையும் மனசுக்குள் வரிசையில் சேர்த்துக்கொண்டேன்.

இந்த வரிசை நீள நீள எனக்கே சந்தேகம் வருகிறது. குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. வாரத்தில் ஒரே நாள், இரண்டு செட், நாலு நாலு தடவை என்று குறைத்திருக்கலாம். பழகிய தசைக்கு அந்த அளவு பெரிதாக வலித்திருக்காது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே தசை பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்து, "எங்கே கனமா இருக்கு? பழைய இடத்துலயா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் நேரம் இரண்டு வாரமாக 25.6 வினாடியிலேயே நின்றது. மாநிலப் பதக்கம் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். அவளுக்கு விட்டுக்கொடுத்தேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு வேகம் வேண்டியிருந்தது எனக்கும்தான்.

காயத்தைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அறுக்கிறது. ஐஸ் வைத்துக் கட்டி, கேலரி நிழலில் படுக்க வைத்திருந்தோம். அவள் அம்மா ஓடி வந்தார். "என்ன மாஸ்டர் ஆச்சு? தினமும் செய்வாளே, அந்தப் பயிற்சி செஞ்சா வராதுன்னு சொன்னீங்களே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நான்தாம்மா மூணு வாரமா செய்யல. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

பதினேழு வயசுப் பெண். வலியில் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. "அவ கேட்டா, நான்தான் சரின்னேன்" என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். குனிந்து ஐஸ் பையைச் சரி செய்தேன்.

திரும்ப ஓட ஏழு வாரம் ஆயிற்று. மெதுநடை, ஜாக், பிறகு நேர் ஓட்டம், கடைசியில்தான் வளைவு. ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. அந்த ஏழு வாரமும் அவள் கணுக்காலை நானே பிடித்தேன். பிடித்துக்கொண்டிருக்கும்போது முகம் பார்க்க முடியாது, அது வசதியாக இருந்தது. அந்த வருஷம் கோட்டாவில் சீட் கிடைக்கவில்லை. பி.காம் சேர்ந்தாள். இப்போதும் சாயங்காலம் வருகிறாள்.

இனி யாருக்கும் நார்டிக்கை நிறுத்துவதில்லை என்று மைதான நோட்டில் எழுதி வைத்தேன். போன மாசம் ஒரு பையன் கேட்டான். நிமிர்ந்து பார்த்தேன், எங்கே வலி என்று கேட்டேன், தொட்டுப் பார்த்தேன். அப்புறம் பத்து நாள் விடச் சொன்னேன். தன் வாழ்நாளிலேயே நல்ல நேரம் ஓடினான். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் அவள் அம்மாவைப் பார்த்தேன். என் பையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையை அவரே எடுத்து வைத்தார். "அவ பிடிவாதக்காரி மாஸ்டர். சொன்ன பேச்சு கேட்டிருந்தா அப்படி ஆயிருக்குமா? நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

"இப்போ நல்லா ஓடுறாம்மா" என்றேன்.