அண்ணனுக்கு ஒரு வாரம், எனக்கு மூன்று வாரம்

எங்கள் வீட்டில் நிலமில்லை, நகையில்லை. சைனஸ்தான் பரம்பரைச் சொத்து. ஜனவரியில் அண்ணன் எண்டோஸ்கோப்பி சர்ஜரி (மூக்கு வழியாகக் குழாய் விட்டுச் செய்வது) செய்துகொண்டு எட்டாம் நாளே எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்விட்டார். ஜூலையில் அதே டாக்டரிடம் நான் போனேன்; தேறுவதற்கு மூன்று வாரம் ஆனது. "உங்க அண்ணனுக்கு ஒரு வாரம்தானே ஆச்சு?" என்று பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவே கேட்டது.

முதல் வித்தியாசம் ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்தது. எனக்கு ஹீமோகுளோபின் 9.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, ஆண்களில் 25 சதவீதம். அந்த 57க்குள் நானும் ஒருத்தி. இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரையுமாக சர்ஜரி ஒன்றரை மாதம் தள்ளிப்போனது.

அப்புறம் மயக்க மருந்து டாக்டர் வந்து, பஸ்ஸில் போனால் வாந்தி வருமா, சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார். சிகரெட்டா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விஷயம் இருக்கிறது. மயக்கம் தெளிந்தபின் வாந்தி வரும் வாய்ப்பு பெண்களுக்கு அதிகம், புகைக்காதவர்களுக்கு அதிகம், பயணத்தில் குமட்டுகிறவர்களுக்கும் அதிகம். சேலம் பஸ் ஏறினால் தொப்பூருக்கு முன்பே எலுமிச்சம்பழம் கேட்கிற ஆள் நான். மூன்றும் பொருந்தியது. வாந்திக்கு முன்கூட்டியே ஊசி போட்டும் சர்ஜரி அன்று மாலை இரண்டு முறை வாந்தி எடுத்தேன். அண்ணன் புகைப்பவர், கண் விழித்ததும் காபி கேட்டாராம். (அதற்காக யாரும் பிடிக்க ஆரம்பிக்க வேண்டாம். உள்ளே புண் ஆறுவதற்குச் சிகரெட் பெரிய எதிரி.)

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள் இருவருக்கும் ஒன்றுதான். இரண்டு வாரம் குனியாதே, கனமானதைத் தூக்காதே, மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு, தலையணையை உயர்த்திப் படு, கொதிக்கவைத்து ஆறிய உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவு. அண்ணனுக்கு அந்தத் தாளால் ஒரு கஷ்டமும் இல்லை. அவர் வீட்டில் குனிவது ஷூ லேஸ் கட்டத்தான். எனக்கோ கோலம், துடைப்பம், வாஷிங் மெஷினுக்குள் தலையை விட்டுத் துணி எடுப்பது, அரிசி மூட்டையை நகர்த்துவது, எல்லாமே குனிகிற வேலை. கழுவுகிற தண்ணீரை அண்ணனுக்கு அண்ணி கொதிக்கவைத்து ஆறவைத்து டம்ளரில் நீட்டினார். எனக்கு நானேதான்.

நாலாம் நாள், ரசத்துக்கு மிளகாய் தாளித்தேன். வாசனை தெரியாததால் கமறல் ஏறியதே தெரியவில்லை. பழக்கத்தில் வாயை மூடித் தும்மிவிட்டேன். மூக்கிலிருந்து ரத்தம் புடவை வரை வந்தது. ஆட்டோவில் ஓடினோம். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, பொருக்கை எடுத்து, பயமில்லை என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து, "இன்னும் பத்து நாளைக்குச் சமையல் யார்?" என்று கேட்டார். மறுநாள் முதல் டிஃபன் கேரியர் வந்தது. ரசம் சுமார். ஆனால் தாளை நான் உண்மையில் கடைப்பிடித்ததே அன்றிலிருந்துதான்.

சர்ஜரிக்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும் ஒரு படிவம் தருவார்கள். 22 கேள்விகள், மூக்கடைப்பு, வாசனை, தூக்கம், சோர்வு, எரிச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டுத்தொகை ஏற ஏறத் தொந்தரவு அதிகம். எனக்கு முன்பு 62, பிறகு 29. அண்ணனுக்கு 43, பிறகு 11. இத்தனைக்கும் சிடி ஸ்கேனைப் பார்த்து சைனஸ் அடைப்புக்கு 24க்குப் போடும் மதிப்பெண் அவருக்கு 17, எனக்கு 11. பாலிப் என்கிற மூக்குச் சதை வளர்ச்சி இருந்ததும் அவருக்குத்தான்.

"அப்போ நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?" என்று கேட்டேன். டாக்டர் இரண்டு கழித்தலையும் போட்டுக் காட்டினார்: 33, 32. பெண்களின் எண் சர்ஜரிக்கு முன்னும் பின்னும் கூடுதலாகவே இருப்பது வழக்கமாம். ஆனால் குறைகிற அளவு இரு பாலாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதானாம். பாலிப் ஆண்களுக்கு அதிகம் வருவதும் வழக்கம்தானாம். தெருவுக்கு இந்தக் கழித்தலை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் இரண்டு படிவங்களையும் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணனுடைய பழைய தாளை வாங்கிப் படித்தார். "இரவில் விழிப்பு, பூஜ்யமா? ரெண்டு வருஷம் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினது யாரு? எரிச்சலும் பூஜ்யமா!" என்றவர், பேனா எங்கே என்று தேட ஆரம்பித்தார்.