ஆயில் குடிக்காத லாரி

என் லாரி ஆயிலே குடிக்காது என்று ஸ்டாண்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தவன் நான். 2004 மாடல், ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின், ஒன்பது லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி. அந்த வயசுக்கு மாசம் அரை லிட்டராவது ஊற்ற வேண்டியிருக்கும். எனக்கு மாசக்கணக்கில் ஒரு சொட்டு ஊற்ற வேண்டியிருக்கவில்லை. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு புனேவுக்குக் கிளம்பிய அன்று காலை ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. சந்தோஷமாகச் சொருகிவிட்டுக் கிளம்பினேன்.

தொப்பூர் கணவாய் ஏறும்போதுதான் முதலில் சத்தம் கேட்டது. லோடு இழுக்கும்போது அடியிலிருந்து ஒரு 'டக் டக்'. ஆக்ஸிலேட்டரை விட்டால் ஒரு நொடி பலமாகக் கேட்டு அடங்கியது. மேலே ஏறி வண்டியை ஓரம்கட்டி ஐடிலில் விட்டதும் ஆயில் லைட் மினுக்கியது. ஆயில் பிரஷர் காட்டும் முள் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. உடனே ஆஃப் செய்தேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, என் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சங்ககிரிக்கு வந்து சேர்ந்தபோது மறுநாள் மதியம்.

வருகிற வழியிலேயே ஆளுக்கு ஒரு வைத்தியம். கெட்டியான ஆயில் ஊற்றினால் முள் ஏறிவிடும் என்றார் ஒருவர். ஏறும்தான், ஆனால் சத்தம் எங்கே போகும்? ஆயில் பம்ப்பை மாற்று என்றார் இன்னொருவர். நானும் பம்ப் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

பட்டறை மெக்கானிக் அண்ணன் சிரித்தார். "பம்ப்பைக் குறை சொல்லாதீங்க தம்பி. அது ஆயிலைத் தள்ளும், அவ்வளவுதான். போற வழி இறுக்கமா இருந்தாத்தான் பிரஷர் நிக்கும். தண்ணி டியூப் வாயில விரலை எடுத்துட்டா பீச்சுமா?" பேரிங் தேய்ந்து இடைவெளி கூடினாலும் அதே கதை, ஆயில் தண்ணியாகிப் போனாலும் அதே கதை. எது என்று பார்க்காமல் எதையும் கழற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

முதலில் டேஷ்போர்டு முள்ளையே அவர் நம்பவில்லை. சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் நேரடி மீட்டரைப் பொருத்தினார். சூடான இன்ஜினில் ஐடிலில் பிரஷர் 0.4 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு). ஆயிரம் ஆர்பிஎம்முக்குச் சுமார் 0.7 கிலோவாவது வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. சரி, முள் பொய் சொல்லவில்லை.

அடுத்தது டிப்ஸ்டிக். உருவி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். டீசல் நாற்றம்! ஒரு சொட்டை நியூஸ்பேப்பரில் விட்டார். நடுவில் கறுப்பு, சுற்றி வெளிறிய வளையம் பரவியது. என் வண்டி ஆயில் குடிக்காமல் இல்லை; குடித்த அளவுக்கு மேலாகவே டீசல் இறங்கி மட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. எத்தனை மாசம் அந்த மட்டத்தைப் பார்த்துப் பூரித்திருப்பேன்!

சத்தம் எந்த சிலிண்டரில் என்று பிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ஐடிலில் ஓடவிட்டு, சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் பைப் நட்டை ஒவ்வொன்றாக லேசாகத் தளர்த்தினார். முகத்தில் பீச்சாமல் இருக்கத் துணி போட்டுக்கொண்டார். அந்த பிரஷரில் வரும் டீசல் தோலைக் குத்தி உள்ளே போய்விடுமாம். ஒன்று, இரண்டு, மூன்று வரை இன்ஜின் தடுமாறியதே தவிர சத்தம் மாறவில்லை. நாலாவதைத் தளர்த்தியதும் 'டக்' காணாமல் போனது. இன்ஜெக்டர் தட்டினாலும் இப்படித்தான் அடங்கும் என்பதால், நாலாவது இன்ஜெக்டரையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். சத்தம் நாலாம் சிலிண்டரிலேயே இருந்தது. அப்படியென்றால் அடியில் பிக் எண்ட் பேரிங், அதாவது பிஸ்டன் ராடு கிராங்க் தண்டைப் பிடிக்கும் இடத்துப் பேரிங். வால்வைத் திறக்கும் டேப்பட் சத்தம் என்றால் மேலே, மெல்லிசாக, கிராங்க் வேகத்தில் பாதியில் கேட்குமாம்.

ஆயில் ஃபில்டரை அறுத்து மடிப்பைப் பிரித்தோம். செம்பு நிறத்தில் மினுக்கும் துகள்கள். காந்தத்தை வைத்தால் ஒட்டவில்லை. இரும்பு இல்லை, பேரிங்தான்.

இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றியதும் சந்தேகம் தீர்ந்தது. நாலாம் நம்பர் பேரிங்கில் மேல் பூச்சு முழுதும் போய்ச் செம்பு பல்லைக் காட்டியது. மற்றவை சாம்பல் நிறம்தான், ஆனால் ஓரங்களில் செம்பு எட்டிப் பார்த்தது. பம்ப்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் சுத்தம். பம்ப்பில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார், குறையில்லை. பிரஷர் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கும் நன்றாகவே இருந்தது. நான் விலை விசாரித்த பம்ப்!

எல்லாவற்றுக்கும் தொடக்கம் நாலாம் நம்பர் இன்ஜெக்டர். டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அடித்தால் புகையாகப் பீச்சாமல் நுனியில் சொட்டு கட்டியது. அந்தச் சொட்டு எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்கு இறங்கி, ஆயிலை நீர்க்கவைத்துப் பேரிங்கைத் தின்றிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எரியாத டீசலால் வந்த வெள்ளைப் புகையைக் குளிருக்கு என்று நினைத்திருந்தேன். சேலத்தில் என்ன குளிர்!

பேரிங் மட்டும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். கையில் காசு அவ்வளவுதான் இருந்தது. அண்ணன் மைக்ரோமீட்டரில் கிராங்கை அளந்து காட்டினார். நாலாவது பேரிங் உட்காரும் இடம் வட்டமாக இல்லை. புது பேரிங்கையும் அது சீக்கிரமே அடித்துவிடும். கடன் வாங்கி, இன்ஜினை இறக்கி, கிராங்கை லேத்துக்கு அனுப்பி 0.25 மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்கே பேரிங் செட் போட்டோம். ஆறு இன்ஜெக்டருக்கும் டீசல் பீச்சும் நுனியான நாசில் புதிது. ஆயில் 15டபிள்யூ-40. கெட்டி ஆயில் பேச்சை நான் எடுக்கவேயில்லை. ஆயில் சிலிண்டருக்குள் ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் செட்டுக்குக் காசு பற்றவில்லை, விட்டுவிட்டோம்.

பதினோரு நாள் வண்டி நின்றது. ஸ்டார்ட் செய்த அன்று சூடான பிறகு ஐடிலில் 1.5 கிலோ, ஓட்டத்தில் நாலு. தொப்பூர் ஏற்றத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டே ஏறினேன். டர்போ விசிலைத் தவிர வேறு சத்தமில்லை.

இப்போது மாசம் முக்கால் லிட்டர் ஆயில் குடிக்கிறது. ஸ்டாண்டில் கேட்டால் அதையே சொல்கிறேன்.